வணிகம் நீங்கிய வீதி

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் டேனியர் உரிமை பெற்ற ஊர் தரங்கம்பாடி. அதன் நடுநாயகம் அரசன் தெரு. மேற்கே 1792 எனப் பொறித்த நகரவாயில், கிழக்கே கடல். இடையே 1701-இன் சீயோன் ஆலயம், 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், தூண்தாங்கிய தாழ்வார வீடுகள். சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்ததும் இவ்வூரிலேதான்.

1845-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. நாகப்பட்டினம் இருப்புப்பாதை பெற்று வளர, இங்கே வாணிகம் தேய்ந்தது. செல்வம் பெருகிய நகரங்களில் பழைய மனைகள் இடிபட்டன. செல்வம் அகன்ற இத்தெருவிலோ அவை பிழைத்தன.

வாணிகம் விட்டுவைத்ததைக் கடல் விடவில்லை. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை அரித்தது. 2004-இல் ஆழிப்பேரலையும் தாக்கியது. பின்னர்ச் சில கட்டடங்கள் செப்பனிடப்பட்டன. அச்செழுத்தால் வாழும் நமக்கு இவ்வீதியைக் காப்பது நன்றிக்கடன்.