முற்றத்தை மூடுமுன்...

நுகேகொடையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் சிறு முற்றம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. மகளுக்கு ஏ.எல். பரீட்சை வருவதால், அதற்குக் கொங்கிறீட் போட்டு ஓர் அறை எடுக்க யோசித்தோம். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. மஃரிபுக்குப் பிறகு அவர் உட்காரும் இடம் அது.

அப்போது ஈனா டி சில்வாவின் வீடு நினைவுக்கு வந்தது. பத்திக் கலைஞரான அவருக்காக, ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பு 3, அல்ஃபிரட் பிளேஸில் கட்டியது. காணி சிறிது. அக்காலக் கொழும்பு பங்களாக்கள் வளவின் நடுவே நின்று வெளியே பார்த்தன. பாவா அதைத் திருப்பினார். வெளியே மதில், உள்ளே முற்றங்கள், அறைகளெல்லாம் முற்றத்தைப் பார்த்து. வெளிச்சமும் காற்றும் உள்ளிருந்தே கிடைத்தன.

இது புதுமையுமல்ல. சிங்களவரின் 'மெத மிதுல', யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு, டமஸ்கஸின் பழைய வீடுகள் எல்லாமே நடுவில் வானத்தை வைத்திருந்தன. நகரத்தில் காணி விலை ஏற ஏற நாம் முதலில் மூடியது அதைத்தான்.

அந்தக் காணி பின்னர் விற்கப்பட்டது. ஆனால் கல், தூண், கதவு என்று இலக்கமிட்டுக் கழற்றி, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுணுகங்கத் தோட்டத்தில் வீட்டை மீண்டும் நிறுத்தினார்கள்.

நாங்களும் அறையைக் கைவிட்டோம். மகளின் மேசையை முற்றத்து யன்னலோரம் போட்டோம். இஷாவுக்குப் பிறகு டீவி இல்லை. உம்மா தன் இடத்தில் இருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் முற்றம் இருந்தால், மூடுமுன் ஒரு மாலை அங்கே உட்கார்ந்து பாருங்கள்.