டிரம்பெட்டில் எடை சேர்த்தல்

டிரம்பெட்டின் உள்வடிவத்தை மாற்றாமல், வெளிப்புறத்தில் உலோகத்தைக் கூட்டி அதன் ஒலியையும் வாசிப்பு உணர்வையும் மாற்ற முயலும் வழக்கம். வால்வுகளின் அடிமூடிகளைக் கழற்றிவிட்டுக் கனத்த மூடிகளைத் திருகுவதும், தடித்த சுவருள்ள ஊதுவாயைப் பொருத்துவதும் இதன் எளிய வழிகள். டிராம்போன் உள்ளிட்ட பிற பித்தளை ஊதுகருவிகளிலும் இவ்வழக்கம் உண்டு.

ஒலி பிறக்கும் விதம்

வீணையில் தந்தியின் அதிர்வை வாங்கி மரக்குடம் ஒலிக்கிறது. டிரம்பெட்டில் ஒலிப்பது உலோகம் அன்று, காற்று. வாசிப்பவரின் உதடுகள் குழலுக்குள் இருக்கும் காற்றுத்தம்பத்தை அதிரச் செய்கின்றன. அந்த அதிர்வு குழலின் விரிந்த முனையான விரிவாய் வழியே வெளியேறுகிறது. சுருதியையும் நாதத்தையும் முதன்மையாகத் தீர்மானிப்பவை குழலின் நீளமும் உள்வடிவமுமே.

ஆயினும் குழலின் சுவர் முற்றிலும் அசையாமல் இருப்பதில்லை. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள விரிவாய்த் தகடு காற்றழுத்தத்தாலும் உதடுகளின் உதைப்பாலும் மிக நுண்ணிய அளவில் அதிர்கிறது. ஓரிடத்தில் எடை கூடினால் அங்கே அதிர்வின் வீச்சு குறைகிறது; உலோகத்தின் இயல்பு அதிர்வெண்ணும் இறங்குகிறது.

ஆய்வுகள்

இங்கிலாந்தின் ஒலியியலாளரும் கருவி வடிவமைப்பாளருமான ரிச்சர்ட் ஸ்மித், விரிவாய்த் தகட்டின் தடிமனில் மட்டும் வேறுபட்ட டிராம்போன்களைத் தேர்ந்த கலைஞர்களிடம் அடையாளம் தெரியாதபடி கொடுத்து 1980களில் சோதித்தார். அவர்களால் அவற்றை வேறுபடுத்த முடியவில்லை. அமெரிக்காவின் ரோலின்ஸ் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் மூர் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது. செயற்கை உதடுகளால் டிரம்பெட்டை ஒலிக்கச் செய்து, விரிவாயின் அதிர்வை மணல் பைகளால் அடக்கியபோது, அடிப்படைச் சுரத்துக்கும் மேற்சுரங்களுக்கும் இடையிலான வலிமை விகிதம் அளவிடக்கூடிய அளவுக்கு மாறியது. வியன்னாவின் ஆய்வாளர் வில்ஃப்ரீட் கௌசலுடன் சேர்ந்து மூர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, குழலின் அச்சுத் திசையில் விரிவாய் முன்பின்னாக அசைவதே இதற்குக் காரணம் என விளக்கியது.

வாசிப்பவரின் அனுபவம்

எடை கூடினால் நாதம் திரண்டு ஒலிக்கிறது, ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் உறுதியாக நிற்கிறது என்பர் கலைஞர்கள். அளவு மீறினால் ஒளிர்வு மங்கும், சுரத்தை வளைப்பது கடினமாகும் என்பதும் அவர்கள் கூற்று. டேவிட் மோனெட் வடிவமைத்த கனத்த டிரம்பெட்டுகளை ஜாஸ் கலைஞர் விண்டன் மார்சாலிஸ் வாசித்துப் புகழ்பெறச் செய்தார்.

உலோகத்தின் அதிர்வு உதடு, பல், விரல் வழியே வாசிப்பவரை நேரடியாக எட்டுகிறது. அந்த உணர்வு மாறும்போது அவர் ஊதும் விதமும் மாறக்கூடும். ஆகவே, கேட்பவர் காதில் சிறிதாக விழும் வேறுபாடு, வாசிப்பவருக்குப் பெரிதாகப் படுவதில் வியப்பில்லை. மூடியை மாற்றியது யார் கண்ணிலும் படாதபடி, அரங்கின் கடைசி வரிசையில் ஒருவரை அமர்த்திக் கேட்கச் செய்வதே நேர்மையான சோதனை.