பல அலைநீளத் துடிப்பு இழை லேசர்

ஒரே ஒளியிழை வளையத்திலிருந்து இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அலைநீளங்களில், ஒரே சமயத்தில், மிகக் குறுகிய ஒளித்துடிப்புகளைப் பிறப்பிக்கும் கருவி பல அலைநீளத் துடிப்பு இழை லேசர் எனப்படும். துடிப்பு ஒவ்வொன்றும் சில பிக்கோ நொடிகளோ அதற்கும் குறைவாகவோ நீடிக்கும். நொடியை இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்று பிக்கோ நொடி.

இயங்கும் விதம்

இவ்வகை லேசரில் ஒளியைப் பெருக்குவது பெரும்பாலும் எர்பியம் கலந்த கண்ணாடி இழை. 980 நானோமீட்டர் டையோடு லேசர் ஆற்றல் ஊட்ட, இந்த இழை 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பு ஒளியைப் பெருக்குகிறது. வளையத்தினுள் எண்ணற்ற அதிர்வெண்கள் ஒருங்கே எழும். அவற்றின் கட்டங்களை ஒன்றோடொன்று பூட்டிவிட்டால், பரவிக் கிடந்த ஒளி ஒரே துடிப்பாகத் திரளும். மங்கிய ஒளியைத் தடுத்து, செறிந்த ஒளியை மட்டும் கடக்கவிடும் உறுப்பு ஒன்றை வளையத்தில் சேர்த்தால் இந்தப் பூட்டு தானாகவே விழுகிறது. கார்பன் நானோகுழாய், கிராஃபீன் ஆகியவை இப்பணியைச் செய்கின்றன. இழையினுள் ஒளியின் தளவிளைவு செறிவுக்கேற்பச் சுழல்வதையும் இதற்குப் பயன்படுத்துவதுண்டு.

தோற்றம்

கண்ணாடி இழையில் லேசரை முதன்முதலில் 1961-இல் இயக்கிக் காட்டியவர் அமெரிக்காவின் எலியாஸ் ஸ்னிட்சர். அவர் பயன்படுத்தியது நியோடிமியம். பெல் ஆய்வகத்தின் அகிரா ஹசேகாவா, ஃபிரெடெரிக் டாப்பர்ட் இருவரும் 1973-இல், உருக்குலையாமல் செல்லும் சொலிட்டான் என்னும் துடிப்பு இழையில் உருவாக முடியும் என்று கணித்தனர். இழை துடிப்பை விரித்துப் பரப்புகிறது. துடிப்பின் செறிவோ இழையின் ஒளிவிலகல் எண்ணை மாற்றி அதைச் சுருக்குகிறது. இரண்டும் ஈடாகும்போது சொலிட்டான் நிலைக்கிறது. 1980-இல் மோலனோவர், ஸ்டோலன், கோர்டன் ஆகியோர் இதைச் சோதனையில் மெய்ப்பித்தனர். 1987-இல் சவுத்தாம்ப்டனில் டேவிட் பெயின் குழுவினர் எர்பியம் இழைப் பெருக்கியை உருவாக்கினர். 1990-களின் தொடக்கத்தில் தானே பூட்டிக்கொள்ளும் எர்பியம் இழை லேசர்கள் வந்துவிட்டன.

தமிழகத்தின் பங்கு

இத்துறையின் கோட்பாட்டு அடித்தளத்தில் தமிழகத்துக்குத் தனி இடம் உண்டு. துடிப்பு பிக்கோ நொடியினும் மிகச் சிறிய ஃபெம்டோ நொடி அளவுக்குக் குறுகும்போது சொலிட்டானின் பழைய சமன்பாடு போதாது. கூடுதல் விளைவுகளைச் சேர்க்க வேண்டும். அப்போதும் சொலிட்டான் நிலைப்பதற்கான நிபந்தனைகளைச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கு. பொற்செழியன், நக்கீரன் இருவரும் 1996-இல் வெளியிட்டனர்.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மு. லட்சுமணன் குழுவினர் ஒன்றோடொன்று பிணைந்த ஒளிக்கூறுகளை ஆராய்ந்தனர். ஒற்றைக்கூறுச் சொலிட்டான்கள் மோதினாலும் வடிவம் மாறாமல் விலகிச் செல்லும். இரு கூறுகள் கொண்டவை மோதும்போது கூறுகளுக்கிடையே ஆற்றல் இடம் மாறக்கூடும் என்று ராதாகிருஷ்ணன், லட்சுமணன், பின்லாந்தின் ஹியட்டரின்டா ஆகியோர் 1997-இல் காட்டினர். கண்ணாவும் லட்சுமணனும் 2001-இல் இதைப் பல கூறுகளுக்கு விரித்தனர்.

பல அலைநீளச் சிக்கல்

அறை வெப்பநிலையில் எர்பியம் அயனிகள் எல்லா அலைநீளங்களுக்கும் பொதுவான சேமிப்பிலிருந்தே ஆற்றல் தருகின்றன. எனவே சற்றே வலுத்த அலைநீளம் முழுவதையும் எடுத்துக்கொள்ள, மற்றவை அணைந்துவிடுகின்றன. தொடர்ஒளி லேசர்களில் இழையைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்து இதைத் தவிர்த்தனர். துடிப்பு லேசர்களில் எளிய வழிகள் கிடைத்தன: இரட்டைவிலகல் இழையால் சம இடைவெளி வடிகட்டி அமைப்பது, அல்லது வளையத்தின் இழப்பைச் சரிசெய்து 1530, 1560 நானோமீட்டர்களை ஒட்டிய இரு பகுதிகளின் பெருக்கத்தையும் சமன்படுத்துவது. 2009-இல் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், 2011-இல் பெய்ஜிங் பெய்ஹாங் பல்கலைக்கழகமும் இத்தகைய லேசர்களை வெளியிட்டன.

துடிப்புகளின் மோதல்

இரு அலைநீளத் துடிப்புகளும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. 10 மீட்டர் வளையம் ஒன்றைக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 49 நானோ நொடி ஆகும். அதாவது நொடிக்குச் சுமார் 2 கோடி சுற்றுகள். தொலைத்தொடர்புக்கான சாதாரண இழையின் மதிப்பை வைத்துக் கணக்கிட்டால், 28 நானோமீட்டர் இடைவெளியுள்ள இரு துடிப்புகளில் நீண்ட அலைநீளத் துடிப்பு ஒவ்வொரு சுற்றிலும் 4.8 பிக்கோ நொடி பின்தங்கும். ஏறக்குறைய 10,000 சுற்றுக்கு ஒருமுறை மற்றது அதை முந்திச் செல்லும். நொடிக்கு 2,000 முறை இவை மோதினாலும், ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் மீண்டும் தம் வடிவத்துக்குத் திரும்புகின்றன.

பயன்

இந்த வேக வேறுபாடுதான் லேசரின் பெரும்பயனுக்கு அடிப்படை. துடிப்புத் தொடர்கள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று மெல்ல நகர்ந்தால், வாயு உறிஞ்சிய நுண்ணிய நிறமாலைக் கோடுகளைச் சாதாரண மின்னணுக் கருவியாலேயே படிக்கலாம். இரட்டைச் சீப்பு நிறமாலையியல் எனப்படும் இம்முறைக்கு வழக்கமாக இரண்டு தனி லேசர்களும் அவற்றை இணைத்துப் பூட்டும் சிக்கலான சுற்றுகளும் தேவை. ஒரே வளையத்தில் பிறந்த துடிப்புகளுக்கு வெப்பமும் அதிர்வும் பெரும்பாலும் பொதுவானவை என்பதால் அவற்றின் பிழைகள் தாமே கழிந்துவிடுகின்றன. இரு துடிப்புகளின் அலைநீளங்களும் வேறு என்பதால், நிறமாலையை இன்னோர் இழையில் விரித்து இரண்டையும் ஒரே அலைநீளப் பகுதிக்குக் கொண்டுவந்தால் போதும். பெய்ஹாங் குழு 2016-இல் பிக்கோமீட்டர் நுண்மையுள்ள அளவீட்டை இவ்வாறு, புறப்பூட்டு ஏதுமில்லாத ஒற்றை இழை லேசரைக் கொண்டே நிகழ்த்தியது.