ஓநாயைத் தத்து எடுக்கலாம்... ஆனா வீட்டுக்குக் கூட்டிட்டு வர முடியாது!

ஊட்டி:

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்." நம்ம ஊர்ல ஓநாய்க்குக் கிடைச்ச பேர் இதுதான். யாராவது ஏமாத்திட்டா அவரை "ஓநாய்"னு திட்டுறோம். ஆனால் நாட்டில் ஓநாய்கள் புலிகளை விடக் குறைவு என்பது பலருக்குத் தெரியாது.

2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புலிகள் 3 ஆயிரத்து 682. இந்திய ஓநாய்களோ சுமார் 3 ஆயிரம்தான் என்று வனவிலங்கு ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

நீலகிரியில் இருக்கா?

மசினகுடி, முதுமலை பக்கம் கூட்டமாக ஓடுவதைப் பார்த்து "ஓநாய்"னு சொல்றாங்களே, அது பெரும்பாலும் செந்நாய். உடம்பு செம்பழுப்பு, வால் கருப்பாகப் புசுபுசுன்னு இருக்கும். விசில் அடிப்பது போல் கத்தும். ஓநாய்க்குக் கால் நீளம், நிறம் சாம்பல் கலந்த பழுப்பு. ஊளையிடும். வறண்ட புதர்க்காடும் புல்வெளியும்தான் அதன் இடம். சோலைக்காட்டிலும் தேயிலைத் தோட்டத்திலும் அதுக்கு வேலை இல்லை.

புல்வெளி வயலாகவும் வீட்டுமனையாகவும் மாற, மான் கிடைக்காமல் ஆட்டுக்கிடைக்கு வருகிறது. பறிகொடுத்தவர் கோபத்தில் குட்டி போட்ட பொந்தில் புகை போடுவதும் நடக்கிறது. ஆடு போனவருக்கும் வயிறு எரியத்தானே செய்யும்!

தத்துன்னா என்ன?

உயிரியல் பூங்காவில் இருக்கும் ஒரு மிருகத்தின் சாப்பாடு, பராமரிப்புச் செலவைக் குறிப்பிட்ட காலத்துக்கு நாம் கட்டுவதுதான் தத்து. மிருகம் பூங்காவிலேயே இருக்கும். தொட முடியாது, தீனி கொடுக்கவும் முடியாது.

வீட்டில் வளர்க்க ஆசைப்பட்டால் வம்புதான். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓநாய் இருக்கிறது. பிடித்தாலோ கொன்றாலோ 3 முதல் 7 ஆண்டு வரை ஜெயில்.

எங்கே எடுக்கலாம்?

கோவை வ.உ.சி. உயிரியல் பூங்காவின் அங்கீகாரம் 2022-ல் ரத்தானது. எனவே நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இரண்டு இடங்கள் உண்டு.

ஒன்று, வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. 1855-ல் சென்னையில் தொடங்கியது, 1985-ல் வண்டலூருக்கு மாறியது. பரப்பு 602 எக்டேர். இன்னொன்று, ஊட்டியில் இருந்து சுமார் 125 கிலோ மீட்டரில் இருக்கும் மைசூர் உயிரியல் பூங்கா. 1892-ல் தொடங்கியது. இரண்டிலும் ஓநாய் இருக்கிறது, தத்துத் திட்டமும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இரண்டுக்கும் விடுமுறை.

நட்சத்திரங்கள் எடுத்தது எது?

2018-ல் வண்டலூரில் நடிகர் சிவகார்த்திகேயன் 'அனு' என்ற வெள்ளைப்புலியைத் தத்து எடுத்தார். பிறகு சிங்கம், யானையையும் எடுத்தார். நடிகர் விஜய் சேதுபதி 2 வெள்ளைப்புலிகளை எடுத்து ரூ.5 லட்சம் கொடுத்தார். நல்ல காரியம்தான். ஆனால் புலி, சிங்கம், யானைன்னா போட்டோ வரும், பேரு வரும். ஓநாய்க்கு யார் வருவா? அதுக்கும் தினமும் பசிக்குமே!

கொரோனா ஊரடங்கில் பூங்காக்களை மூடியபோது டிக்கெட் வருமானம் நின்றது. கூண்டில் பிறந்து வளர்ந்ததைக் காட்டில் விட்டால் வேட்டையாடத் தெரியாது, மனிதனைக் கண்டு பயமும் இருக்காது. கேட்டில் வசூல் நின்றாலும் கறி வாங்கித்தான் ஆகணும். தத்துப் பணம் கைகொடுப்பது அந்த நேரத்தில்தான்.

எப்படி எடுப்பது?

மிருகத்துக்கு மிருகம், நாளுக்கு நாள் தொகை மாறும். புலி, யானையை விட ஓநாய்க்குக் குறைவு. வளர்ந்த இந்திய ஓநாயே சுமார் 20 கிலோதான், தீனிச் செலவும் அதுக்குத் தக்கபடிதான். வருஷம் முழுக்க முடியாதவர்கள் சில நாட்களுக்கு மட்டும் கட்டலாமா என்று கேளுங்கள்.

தனியாக முடியாதா? லயன் வீட்டுக்காரர்கள் 50 பேர் ஆளுக்கு 20 ரூபாய் போட்டால் ஆயிரம் ரூபாய் ஆச்சு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிறந்தநாள் மிட்டாய்க் காசைச் சேர்த்தும் கட்டலாம். பூங்கா அலுவலகத்திலோ அதிகாரப்பூர்வ இணையதளத்திலோ இன்றைய கட்டணத்தைக் கேட்டுப் பணம் கட்டுங்கள். ரசீது வாங்க மறக்காதீங்க. நடுவில் ஆள் வைத்து வசூலிப்பவரிடம் பத்து பைசா கொடுக்க வேண்டாம்.

அடுத்த முறை மைசூர் டூர் போனால் புலிக்கூண்டோடு திரும்பிடாதீங்க. ஓநாய் இருக்கும் பக்கமும் ஒரு எட்டு போய்ப் பாருங்க. அது அழுவுதா, பசியோட நிக்குதான்னு அப்போ தெரியும்.