கொங்கு நாட்டுப் பருத்தியும் உயிரணுப் பிரிவும்

பின்னலாடைத் தொழிலாற் பெயர்பெறும் முன்னரே திருப்பூர் பருத்திச் சந்தையாலும், பஞ்சினின்று விதை நீக்கும் ஜின்னிங் ஆலைகளாலும் அறியப்பெற்றது. கொங்கு நாட்டில் விளைந்த பருத்தி ஓரினத்ததன்று. மானாவாரி நிலத்தில் வறட்சியைத் தாங்கி விளைந்த கருங்கண்ணியும் உப்பமும் நாட்டினங்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து கிணற்றுப் பாசனத் தோட்டங்களிற் பரவிய கம்போடியா, பெயரால் ஆசியத்ததாயினும் பிறப்பால் அமெரிக்க இனத்தது, இழை நீண்டது. நாட்டினத்தின் உரமும் கம்போடியாவின் இழையும் ஒரு செடியில் ஏன் எளிதிற் கூடவில்லை என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

விடை உயிரணுவினுள் உள்ளது. 1882இல் செருமானிய அறிஞர் வால்தர் பிளெமிங், உயிரணு இரண்டாகுங்கால் அதன் உட்கருவில் இழைகள் தோன்றித் தடித்து, நடுவே அணிவகுத்து, நெடுக்காகப் பிளந்தவை இரு முனைகட்கும் செல்வதை விளக்கினார். இழையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றே அதற்குப் பெயருமிட்டார். நூலால் வாழும் ஊரைப் பற்றிய கட்டுரையில் இதனைக் குறியாது செல்ல நமக்கு மனமில்லை. வேர்நுனியிலும் தளிரிலும் நிகழும் இப்பிரிவில் அவ்விழைகளாகிய நிறக்கோல்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. மகரந்தமும் சூலும் தோன்றுதற்குரிய குன்றற் பிரிவிலோ, தந்தைவழி நிறக்கோலும் தாய்வழி நிறக்கோலும் முதலில் இணைசேர்ந்து, பின்னரே பிரிந்து, எண்ணிக்கை பாதியாகும். இணைசேரும் இக்கட்டத்திலேதான் தடை நேர்கின்றது.

கருங்கண்ணிக்கு நிறக்கோல்கள் 26; கம்போடியாவுக்கு 52. இவ்விரண்டன் கலப்பிற் பிறந்த செடி, ஒன்றனிடம் 13உம் மற்றதனிடம் 26உம் பெற்று, 39 உடையதாகும். அவற்றுள் கருங்கண்ணியின் 13, கம்போடியாவின் 13உடன் இணையும். எஞ்சிய 13உம் துணையின்றி ஒழுங்கற்றுச் சிதறும். செடி வளரும், பூக்கும். விதை பிடிப்பதோ மிக அரிது. மண்ணையோ உழவரையோ இதற்குக் குறைகூற இடமில்லை.

அமெரிக்கப் பருத்தியின் 52இல் ஒரு பாதி ஆசியப் பருத்தியினதை ஒத்தது என ஸ்கோவ்ஸ்டெட் 1934இற் கூறினார். 1940இல் பீஸ்லி, ஆசியப் பருத்தியையும் அமெரிக்கக் காட்டுப் பருத்தியொன்றையும் கலந்து, கொல்சிசின் என்னும் நஞ்சினால் நிறக்கோல்களை இரட்டிப்பாக்கி, அக்கருத்தை மெய்ப்பித்தார். ஆகவே வழி அறவே அடைபட்டதன்று, ஆயினும் நெடியது. கோவை ஆய்வாளர் எளிய வழியை மேற்கொண்டனர். கம்போடியாவையும் உகாண்டாப் பருத்தியையும் கலந்து எம்.சி.யு. வகைகளைக் கண்டனர்; இரண்டும் 52 உடையனவாதலின் குன்றற் பிரிவு இடையூறின்றி நடந்தது. 1974இல் வெளிவந்த மிக நீண்ட இழைச் சுவினும் 52 உடைய பெற்றோர்க்குப் பிறந்ததே. மில்களுக்கு நல்ல பஞ்சு கிடைத்தது. ஆனால் அப்பஞ்சில் நாட்டினத்தின் பங்கு இல்லை. கருங்கண்ணியோ கோவிற்பட்டி ஆய்வு நிலையத்தில் தன் இனத்துள்ளேயே திருத்தப்பெற்று, ‘கே’ என்னும் எழுத்தோடு தனி வரிசையாய் நின்றது.