பெருங்குடலைச் சென்றடையும் சோறு

நாம் உண்ணும் சோற்றின் மாப்பொருள் முழுவதும் சிறுகுடலிலேயே செரித்துவிடுகின்றது என்றுதான் மருத்துவ உலகம் நீண்டகாலமாக நம்பியிருந்தது. பெருங்குடலோ கழிவுகள் தங்கிச்செல்லும் இடமாகவே பெரிதும் கருதப்பட்டது.

அயர்லாந்தில் பிறந்த டெனிஸ் பேர்கிற் உகண்டாவில் பணியாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர். மேலைநாடுகளில் மலிந்திருந்த பெருங்குடற் புற்றுநோய் ஆபிரிக்கக் கிராமத்தவரிடம் அரிதாகவே காணப்பட்டது. இதற்கு உணவின் நார்ச்சத்தே காரணம் என்ற கருத்தை 1971 இல் அவர் முன்வைத்தார். அக்கருத்து உலகெங்கும் பரவியது. ஆயினும் அது பாதிக் கதையே.

மறுபாதி கேம்பிரிஜ்ஜில் வெளிப்பட்டது. நார்ச்சத்தை அளவிட முனைந்த ஹான்ஸ் இங்லிஸ்ற்றும் ஜோன் கமிங்ஸ் உள்ளிட்ட சகாக்களும், நொதியங்களுக்கு மசியாத மாப்பொருள் எஞ்சிநிற்பதை 1982 இல் பதிவுசெய்தனர். அதற்கு 'எதிர்ப்பு மாப்பொருள்' எனப் பெயரிட்டனர். சிறுகுடலிற் செரிக்காத இப்பகுதி பெருங்குடலைச் சென்றடைகின்றது. அங்குள்ள பற்றீரியாக்கள் அதனை நொதிக்கச்செய்து குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களை உருவாக்குகின்றன. அவற்றுள் ஒன்றான பியூற்றிரேற் குடற்சுவர்க் கலங்களின் பிரதான எரிபொருளாகும். உப்பையும் நீரையும் பெருங்குடல் உறிஞ்சுவதற்கும் இவ்வமிலங்கள் துணைபுரிகின்றன.

ஆய்வுகூடத்தில் அறிந்த இவ்வுண்மை உயிர்காக்கப் பயன்படுமா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் குழுவினரும் வாந்திபேதி கண்ட 48 பேரிடம் இதனைச் சோதித்தனர். அக்காலத்தில் வழமையாக வழங்கப்பட்ட உப்புக்கரைசல் நோயாளியின் உயிரைக் காத்ததேயன்றி வயிற்றோட்டத்தைக் குறைக்கவில்லை. ஒரு லீற்றர் கரைசலில் 50 கிராம் எதிர்ப்பு மாப்பொருளைக் கலந்து கொடுத்தபோது, சராசரியாகச் சுமார் 91 மணித்தியாலங்கள் நீடித்த வயிற்றோட்டம் 57 மணித்தியாலங்களில் நின்றது. இம்முடிவுகள் 2000 இல் வெளியாகின.

பேர்கிற் எழுப்பிய கேள்விக்கு மட்டும் எளிதான விடை கிட்டவில்லை. பரம்பரையாகப் பெருங்குடற் புற்றுநோய் அபாயமுள்ள 900 இற்கும் மேற்பட்டோரிடம் நாளொன்றுக்கு 30 கிராம் வீதம் சோதித்த ஆய்வின் நீண்டகால முடிவு 2022 இல் வெளிவந்தது. எதிர்ப்பு மாப்பொருள் பெருங்குடற் புற்றுநோயைக் குறைக்கவில்லை. ஏனைய சில புற்றுநோய்களே குறைந்திருந்தன.

சோறு ஆறும்போது மாப்பொருளின் ஒரு பகுதி மீண்டும் இறுகி இவ்வகையாக மாறுகின்றது. பழஞ்சோற்றை ஏழ்மையின் உணவென நாம் ஒதுக்கியது தவறுதான். அதற்காக இன்று அதனைச் சகல நோய்களுக்கும் மருந்தெனப் பறைசாற்றுவதும் அதேயளவு தவறாகும்.