பீரங்கிச் சாலையும் குன்றிமணியும்

ஹைதராபாத்தில் ஃபதே மைதானத்திற்கு அருகே ‘தோப் கா சாஞ்சா’ என்று வழங்கும் பகுதி ஒன்று உண்டு. பீரங்கி வார்க்கும் அச்சு என்பது அதன் பொருள். நிஜாம் அலிகானின் படைத்தலைவராயிருந்த பிரெஞ்சுக்காரர் ரெமோன், 1795-இல் அங்கே பீரங்கிச் சாலையை நிறுவினார். 1798 மார்ச்சில் அவர் மறைந்தார். அக்டோபரில் ஆங்கிலேயர் அவர் படையின் ஆயுதங்களைக் களைந்தனர்.

அக்காலத்தில் பீரங்கிக்கு மருந்தைக் கரண்டியால் அளந்தோ, துணிப்பையில் கட்டியோ இடுவர். குண்டின் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு என்பது களப்பீரங்கிக்குரிய வழக்கு. கரிமருந்து சிறிது கூடுதல் குறைவைப் பொறுத்துக்கொள்ளும். பொற்கொல்லனோ குன்றிமணியை வைத்தல்லவா பொன்னை நிறுத்தான்! அவ்வாறு 96 மணி கொண்டது ஒரு தோலா.

1884-இல் பிரான்சில் போல் வியேய் புகையற்ற மருந்தைக் கண்டறிந்தார். பழையதினும் பன்மடங்கு ஆற்றலுடைய அதனைக் கண்ணளவாக இட்டால், குழல் பிளந்து சுடுபவனுடைய கண்ணையே பறித்துவிடும். தோட்டா மருந்தைக் ‘கிரெயின்’ கணக்கில் நிறுப்பர். அதுவும் ஒரு தானிய மணியின் பெயரே; 64.8 மில்லிகிராம் எடை. 1833-இல் ஆங்கிலேயர் தோலாவை 180 கிரெயின் என வரையறுத்தனர். அதன்படி குன்றிமணி ஒன்று 1.875 கிரெயின். இன்று தோட்டா நிரப்புவோர் கையாளும் மின்னணுத் தராசு, கிரெயினில் பத்திலொரு பங்கையும் காட்டும். குன்றிமணியைப் பதினெட்டாகப் பிளந்தாலும் ஒரு கூறு அதைவிடச் சற்றுப் பெரிதே. அத்தகைய தராசையும் வேலைக்குமுன் படிக்கல் வைத்துச் சரிபார்த்த பின்னரே நம்புகின்றனர்; விசிறிக் காற்றுகூட அதன் எண்ணை மாற்றிவிடும்.